எங்கள் ஒழுங்கையில் விழுந்த கோடு

எங்கள் ஊரை இரண்டாக வெட்டப்போகிறார்கள் என்ற கதை முதலில் என் காதில் விழுந்தது நெல் ஆலை வாசலில். என் லேண்ட்மாஸ்டர் கை ட்ரக்டரின் பெட்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆலைக்காரர் ஓடைக்கு அங்கால் இருக்கிற பெரிய ஊரைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"தம்பி, இனி நீங்க எங்கட வட்டாரமாமே. உங்கட அம்மன் கோயில் ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் எல்லாம் எங்களோட. அந்தப் பக்கம் வேற வட்டாரம்."

"ஆர் நானா சொன்னது?"

"பிரதேச செயலகத்தில மெப் ஒட்டியிரிக்கி, போய்ப் பாருங்க. எங்களுக்கும் இது புடிக்கல்லதான். எங்கட ஊரிலயும் மத்தப் பக்கத்தால ஒரு துண்டு வெட்டியிரிக்கி. எங்களக் கேட்டா வெட்டுறாங்க?"

மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டேன். பிரதேச சபை, புது வட்டாரம், வோட்டுக் கணக்கு என்று அவர் மேற்கொண்டு சொன்னது ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. மதகு என்ற ஒரு சொல்தான் தலைக்குள் நின்றது.

அந்த மதகைப் பற்றி, தண்ணீருக்கு மேலால் எங்களுக்கு வரவிருந்த அந்தச் சின்னப் பாலத்தைப் பற்றி, முதலில் சொல்லவேண்டும்.

கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரைப்பக்கம் எங்கள் ஊர். தார் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் முதலில் ஊரின் வடபாதியான வடசேரி. பிறகு அம்மன் கோயில் ஒழுங்கை, ஒடுக்கமான மண் தெரு. அதைத் தாண்டினால் தென்சேரி. தென்சேரி பள்ளம். அதற்கும் தெற்கே பெரிய ஓடை, ஓடைக்கு அங்கால் நானாவின் ஊர். மாரி தொடங்கினால் பெரிய ஓடையின் கிளை ஒன்று, அங்கிருந்து தென்சேரிக்குள் இறங்கும் எங்கள் வீட்டு ஒழுங்கையின் வாசலைக் குறுக்கறுத்து ஓடும். கோடையில் அது வெறும் மணற்பள்ளம், ஆடுகள் படுத்துக்கிடக்கும். மாரியில் இடுப்புக்கு வரும், அடைமழை பிடித்தால் நெஞ்சுக்கு வரும். என் வீடும் இன்னும் கொஞ்ச வீடுகளும் அந்தக் கிளைக்கு உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இதற்கு முந்திய மாரியில் என் மகளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தாண்டினோம். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. நான் முன்னால் தடியால் நிலம் பார்த்துக்கொண்டு போனேன். கதிரையின் ஒரு கால் வளைந்து வளைந்து கொடுத்தது. அது முறியப்போகிறது, முறியப்போகிறது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இரண்டு தடவை காலிடறினேன். "அப்பா, முன்னால பாருங்கோ" என்று மேலே இருந்து அவள்தான் சொன்னாள். அக்கரையில் ஆட்டோ நின்றது. மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை தங்கவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் சொன்னாரா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மனைவி சத்தியம் பண்ணுகிறாள். என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் பிரதேச சபை உறுப்பினர் வீட்டுக்கு வந்தார். வடசேரிக்காரர், என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி. முற்றத்தில் நின்று மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவர் கண் கலங்கியது உண்மை. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

"அக்கா, வாற மாரிக்கு முதல் உங்கட ஒழுங்கை வாசல்ல மதகு நிக்கும். நிக்காட்டி உன்ர செருப்பைக் கழட்டி எனக்கு அடி."

"உன்னை அடிக்கிறதுக்கு என்ர செருப்பைத் தேய்க்கவோ?" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

சொன்னபடி சித்திரையில் சீமெந்துக் குழாய்கள் வந்தன. லொறி தார் ரோட்டில் நின்றுவிட்டது, உள்ளே வர இடமில்லை. நான்தான் லேண்ட்மாஸ்டரில் ஒவ்வொன்றாக ஏற்றி எங்கள் ஒழுங்கை வாசலில் கொண்டுவந்து இறக்கினேன். ஹயர்க் கூலி வாங்கவில்லை. ஒரு குழாய் இறக்கும்போது பிடி வழுகி விளிம்பில் வெடித்துவிட்டது. அன்றிரவு முழுக்க அதே யோசனை. குழாய் குறைந்தால் மதகு கட்டையாகிப்போகுமோ, ஆராவது என்னிடம் நட்டஈடு கேட்பார்களோ என்று புரண்டு கிடந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மகளுக்கு மறுபடியும் நாள் தள்ளியிருந்தது. மிட்வைஃப் வந்து பார்த்து, மார்கழிப் பிள்ளை என்றாள்.

மார்கழி என்றால் நடு மாரி.

ஆக, மதகு மார்கழிக்கு முதல் வரவேண்டும். இதுதான் என் கணக்கு. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகள் எல்லாமே இப்படித்தான், ஒரு பக்கத்தில் மழை நிற்கும், மறுபக்கத்தில் யாராவது நிற்பார்கள். ஏழாம் வகுப்பில் சண்டை வந்து ஊரோடு ஓடினோம். முகாமில் பள்ளிக்கூடம் என்று ஒரு மரம் இருந்தது, நான் அந்த மரத்துக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம் ஒரு தொழில் மாதிரி. எஞ்சினை நிறுத்திவிட்டு நாலடி நடந்தபின் திரும்பிப் போய் நின்றுவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

நானா சொன்ன மறுநாளே பிரதேச செயலகத்துக்குப் போனேன். சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரை அதில் கண்டுபிடிக்க எனக்கு நேரம் எடுத்தது. பக்கத்தில் நின்ற ஒருவர்தான் விரல் வைத்துக் காட்டினார். அம்மன் கோயில் ஒழுங்கைமேல் தடித்த கோடு ஒன்று ஓடியது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். தென்சேரி பெரிய ஓடையைத் தாண்டி நானாவின் ஊரோடு சேர்ந்துகிடந்தது. அந்த ஓடையில் எங்களுக்குப் பாலம் இல்லை. நாங்கள் எங்கள் புதிய வட்டாரத்துக்குப் போவதென்றால் வடசேரிக்கூடாக ஏறி, தார் ரோட்டால் சுற்றி, பெரிய பாலத்தைக் கடந்து போகவேண்டும். கீறினவருக்கு ஓடை ஒரு நீலக்கோடு. மாரியில் அதில் முதலை வரும் என்று வரைபடத்தில் எழுதுவதில்லைத்தானே.

ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரலாம், பிறகு திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விசாரணை என்று கீழே அச்சடித்திருந்தது.

இனி நடந்ததை வெளியூர்க்காரர் நம்புவது கஷ்டம். எங்கள் ஊரில் எல்லாமே இரண்டு. மழை பொய்த்த வருடங்களில் அம்மனுக்குக் கொம்புமுறி நடத்துவோம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி மறுபக்கமுமாக இழுப்பது. எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரிக்கு அன்றைக்கு வசைப்பாட்டு. பிறந்த சேரிதான் சாகும்வரை. என் மனைவி என்னோடு எத்தனை வருடம் குடும்பம் நடத்தினாலும் கொம்பு இழுக்கிற அன்றைக்கு வடசேரிக் கயிற்றடியில் நின்று என் தாய்தகப்பனை இழுத்துப் பாடுவாள். அடுத்த நாள் காலமை பழங்கஞ்சி ஊற்றித் தருவாள்.

இது கொம்போடு நிற்பதில்லை. கோயில் திருவிழா வடசேரிக்கு ஒன்று, தென்சேரிக்கு ஒன்று. மரண உதவிச் சங்கம் இரண்டு. கரப்பந்துக் கழகம் இரண்டு. முகாமில்கூடத் தறப்பாள் கொட்டில்களை இரண்டு வரிசையாகப் போட்டு நடுவில் ஒழுங்கை விட்டுத்தான் இருந்தோம். இரண்டு சேரித் தலைவர்களும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்த வரலாறு கிடையாது. ஏனென்றால் ஒருவர் மேலே வைத்தால் மற்றவர் கீழே வைக்கவேண்டி வரும்.

ஆகவே ஆட்சேபனைக் கடிதமும் இரண்டு.

இதை யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. வலதுகை இடதுகை மாதிரி அது தானாக நடந்தது. தென்சேரித் தலைவர் இளைப்பாறிய தபால்காரர். அவர் வீட்டு விறாந்தையில் எங்கள் கடிதம் எழுதப்பட்டது. வடசேரித் தலைவருக்கு மீன் ஐஸ் வியாபாரம், அவருடைய மீன்வாடியில் அவர்களுடையது. பிறகு போட்டி தொடங்கியது. எந்தக் கடிதம் நீளம், எந்தச் சேரியில் கையெழுத்து அதிகம். கையெழுத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வெட்டப்போகிறவனைத் திட்டவில்லை. மற்றச் சேரியைத்தான் நக்கலடித்தார்கள்.

"வடசேரிக் கடிதத்தை வாசிக்கிற அதிகாரி நித்திரையாப் போவான். அவ்வளவு செந்தமிழ்."

"தென்சேரிக் கையெழுத்தில அரைவாசி பெருவிரல் மை. கச்சேரிக்காரன் பொலிஸ் ரிப்போட் எண்டு நினைக்கப்போறான்."

நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு ஊரில் ஆட்கள் கூடிச் சிரித்தார்கள். கொம்பு இழுக்கப்போகிற மாதிரியே இருந்தது. எனக்கு வேறு பயங்கள் இருந்தன. கடிதம் மழையில் நனைந்தால்? வான் டயர் காற்றுப்போனால்? விசாரணை முடிந்து மதகு வேலை தொடங்குவதற்குள் ஐப்பசி வந்துவிட்டால்? தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணை, மதகைப் பற்றியும் ஒரு வரி போடுவமோ? மார்கழியில பிள்ளைப்பேறு இருக்கு."

"அது வேற விசயமடா. எல்லைக் கடிதத்தில மதகைப் போட்டா கடிதம் பலங் கெட்டுப்போகும். எல்லையில நாங்கள் வெண்டா மதகு தானா வரும்."

அவர் படித்தவர். நான் கையெழுத்தை வைத்துவிட்டு வந்தேன்.

புரட்டாதியில் விசாரணை. இரண்டு வான் பிடித்துப் போனோம். வடசேரி வான் முன்னால் போகக்கூடாது என்று எங்கள் சாரதி மூதூர் தாண்டியதிலிருந்து ஹோர்ன் அடித்தபடியே வந்தான். கிண்ணியாப் பாலத்தில் அவர்கள் எங்களை முந்தினார்கள். எங்கள் வானுக்குள் கூக்குரல்.  

கச்சேரி மண்டபத்தில் கதிரைகள் போட்டு நடுவில் நடைபாதை விட்டிருந்தார்கள். வடசேரி ஆட்கள் இடப்பக்கம் இருந்தார்கள். நாங்கள் வலப்பக்கம் இருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை, தானாகவே அப்படி இருந்துவிட்டோம். என் மனைவி வந்து என் பக்கத்தில் இருந்தவள், பிறகு எழும்பி, "அங்கால அக்காவையள் இருக்கினம்" என்று சொல்லி நடைபாதையைத் தாண்டிப்போய் இடப்பக்கம் இருந்தாள்.

மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள். எங்கள் முறை வந்தபோது அவர் இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். தலையை உயர்த்தி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மறுபடி கடிதங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார். அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

"நீங்கள் ஒரு ஊரா, இரண்டு ஊரா என்று சேர் கேட்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு ஊர்" என்றார் வடசேரித் தலைவர், எழும்பி.

எங்கள் தலைவரும் எழும்பினார். மற்றவர் முந்திச் சொல்லிவிட்டாரே என்ற கோபம் முகத்தில் தெரிந்தது. "ஒரு ஊர்தான், ஆனா இரண்டு சேரி. நாங்கள் தனி நிர்வாகம்."

"எது எல்லை?"

"அம்மன் கோயில் ஒழுங்கை" என்றார்கள் இரண்டு பேரும். அன்றைக்கு இரண்டு சேரியும் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான்.

அந்தப் பெண் வடசேரிக் கடிதத்திலிருந்து ஒரு வரியை உரத்து வாசித்தாள். 'வடசேரி மக்களாகிய நாங்கள் பரம்பரை பரம்பரையாக அம்மன் கோயில் ஒழுங்கையை எல்லையாகக் கொண்டு தென்சேரி மக்களோடு ஒற்றுமையாக வாழ்ந்துவருகிறோம்.' செந்தமிழ். அதை அவள் சிங்களத்தில் சொன்னாள். எந்தச் சொல்லை எப்படிச் சொன்னாளோ. பெரியவர் தலையாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார்.

"இந்த ஒழுங்கையை எல்லையென்று நீங்களே ஏற்றுக்கொண்டு இருக்கிறீர்கள், நாங்களும் அதில்தான் கோடு போட்டிருக்கிறோம், பிறகு என்ன ஆட்சேபனை என்று சேர் கேட்கிறார்."

 எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். எங்கள் கொம்பு நாங்கள் இழுக்க வைத்திருந்தது, அதைப் பிடித்து வேறு ஒருவர் முறித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ, "அது விளையாட்டுக்கு, சேர்" என்றான். அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை. எப்படி மொழிபெயர்ப்பாள்?

நான் எழும்பவேண்டும் என்று நினைத்தேன். ஓடையில் பாலம் இல்லை, எங்கள் புது வட்டாரத்துக்குப் போக எங்களுக்கு நேர்வழி இல்லை, என் மகளுக்கு மார்கழி என்று சொல்லவேண்டும். கையை முழங்காலில் ஊன்றினேன். முன்னால் இருந்த தலைவர் திரும்பி, "இரடா, நான் கதைக்கிறன்" என்றார். அவர் கதைக்கத் தொடங்கியது தென்சேரித் திருவிழா வடசேரித் திருவிழாவுக்கு முந்தியது என்பதைப் பற்றி. அவர் முடிக்கமுன் அடுத்த ஊர்க்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாசலில் நெல் ஆலை நானா நின்றார். அவர் ஊரின் ஆட்சேபனையும் அன்றைக்குத்தான்.

"என்ன தம்பி, சரியா?"

"எங்கட கடிதத்தாலயே எங்களுக்கு வெட்டு, நானா."

"எங்கட ஆள் எழும்பி சபைத் தலைவருக்கு நன்றியுரை சொல்லிட்டுக் குந்திட்டார்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த வாயில் கசப்புத்தான் நின்றது.

திரும்பி வரும்போது வான்கள் ஒன்றையொன்று முந்தவில்லை. எங்கள் வானில் வடசேரிக் கடிதத்தைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வானில் எங்கள் தலைவரைத் திட்டினார்களாம், மனைவி பிறகு சொன்னாள்.

முடிவு அரசிதழான வர்த்தமானியில் வரும் என்றார்கள். வர்த்தமானி வரவில்லை. அதற்கு முதலே குழாய்களுக்குச் செய்தி போய்விட்டது.

ஐப்பசி முதல் மழை இரண்டு நாள் தூறிவிட்டுப் போனது. மணற்பள்ளம் ஈரமாகியது. நான் உறுப்பினர் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், வேலை எப்ப தொடங்கும்? இனியும் பிந்தினா தோண்ட ஏலாது."

அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மச்சான், நீ கோவிக்காத. நான் ஒளிச்சுக் கதைக்கேல்ல. வாற தேர்தலுக்கு உங்கட ஒழுங்கை என்ர வட்டாரத்தில இல்லை. இருக்கிற காசை அங்க போட்டனெண்டா வடசேரியில என்னை நடக்க விடமாட்டினம். எங்கட கடற்கரை ஒழுங்கையும் தண்ணிக்க தானே கிடக்கு?"

"கடற்கரை ஒழுங்கையில கணுக்கால் தண்ணி."

"கணுக்காலெண்டாலும் வோட்டுக்கால்தானே மச்சான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "புது வட்டாரத்துக்கு ஆர் வாறாரோ, அவரிட்டக் கேளுங்கோ."

"அது ஆர்?"

"அது இனித்தான்."

இரண்டு நாள் கழித்து வெளியூர் ட்ரக்டர் ஒன்று வந்து குழாய்களைக் கடற்கரை ஒழுங்கைக்கென்று ஏற்றியது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்றைக்கு எத்தனை தடவை யோசித்தேனோ தெரியாது. வேலிக்குள் நின்று பார்த்தேன். நான் ஒவ்வொன்றாக இறக்கிய குழாய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏறின. வெடித்த குழாயை மட்டும் ஒருவன் காலால் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். மகள் வாசலில் நிறைவயிற்றோடு நின்றாள்.  முந்திய மாரியில் கதிரைக்கு மேலே இருந்து சொன்ன மாதிரி ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

மனைவிதான் நடந்தாள். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, ஒழுங்கையைத் தாண்டி, வடசேரிக்குப் போனாள். நான் பின்னால் போனேன், என்ன செய்துவைக்கப்போகிறாளோ என்று. உறுப்பினர் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவரும் இருந்தார். அவள் படியில் நின்று இரண்டு செருப்பையும் கழற்றினாள். விறாந்தையின் நடுவில், அவர் இருந்த கதிரைக்கு நேரே, பக்கம் பக்கமாக வைத்தாள்.

"நீ சொன்ன சாமான். நான் அடிக்கமாட்டன், நீ என்ர தம்பி. கிடக்கட்டும், தேவைப்படேக்க எடு."

வெறுங்காலோடு திரும்பி நடந்தாள். வடசேரிப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பிறந்த பக்கம் அது. ஒருத்தியும் "என்னக்கா" என்று கேட்கவில்லை. கொம்புமுறியில் தென்சேரியை வசை பாட அவளைத்தான் முன்னால் விடுவார்கள், அவ்வளவு குரல்.  வீட்டுக்கு வந்து கால்கழுவும்போது, "இனி நான் ஒரு கயிற்றடிக்கும் போகமாட்டன்" என்றாள்.

செருப்பு திரும்பி வரவில்லை. உறுப்பினர் வீட்டுச் செருப்புத் தட்டில் அது ஒழுங்காக அடுக்கியிருப்பதை நான் பிறகு ஒருநாள் கண்டேன்.

மருமகன் திருகோணமலையில் ஓடு, சீமெந்து விற்கிற கடையில் வேலை. கிழமைக்கு ஒருக்கால் வந்துபோவார். குழாய் போன கதையைக் கேட்டதும் அந்தக் கிழமையே அந்த டவுனின் ஓர்ஸ் ஹில் மலைப்பக்கம் ஒரு அறை பார்த்துவிட்டார். ஐப்பசி முடியமுன் மகளைக் கூட்டிப்போனார். கிளை ஓடையில் அப்போது முழங்கால் தண்ணீர்தான். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணவன் தோளைப் பிடித்தபடி நடந்தே தாண்டினாள். நான் அவளுடைய பையை லேண்ட்மாஸ்டரில் வைத்துக்கொண்டு அக்கரையில் நின்றேன்.

"பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவு முடிய வந்திடுவன் அப்பா" என்றாள்.

மார்கழியில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்களாம், நனையாமல். அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நெஞ்சுக்கு நின்றது. நானும் மனைவியும் வெளிக்கிட முடியவில்லை. பேத்தியைத் தொலைபேசியில்தான் முதலில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. ஒரு சின்னக் கை, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு காது.

தண்ணீர் வடிந்த பிறகு போனோம். மனைவி நண்டுக்குழம்பும் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளும் கட்டிக்கொண்டு வந்தாள். சின்ன அறை. ஜன்னலால் துறைமுகத் தண்ணீர் தெரிந்தது. தார் ரோட்டு வாசல்வரை வந்தது. மருமகன் எனக்குக் கதிரை போட்டுத் தந்தார். மகளும் அவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"மாமா, நாங்கள் இங்கையே இருப்பமெண்டு பாக்கிறம். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அங்கயிருந்து தூக்கிக்கொண்டு வர ஏலாது."

"ஓம்" என்றேன்.  நான் ஒரு தகப்பன், அந்தக் கதிரையின் கால் வளைந்ததைப் பார்த்தவன்.

மகள் சொன்னாள், "நீங்களும் வாங்கோவன் அப்பா."

"லேண்ட்மாஸ்டரை இந்த மலையில எங்க விடுறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

தை நடுவில் வோட்டர் லிஸ்ட் எடுக்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். ஊருக்குப் புதிது, இளம் ஆள். மோட்டார் சைக்கிளை அக்கரையில் விட்டுவிட்டுக் கூப்பிட்டார். நான் தடியோடு போய், எந்த இடத்தில் கால் வைக்கவேண்டும் என்று காட்டிக் கூட்டிவந்தேன். களிசானை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டிருந்தார். சப்பாத்துகளை நான் கையில் பிடித்தேன். வெடித்த குழாய்க்குள் நானாவின் ஊர் ஆடு ஒன்று மழைக்கு ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தது. பெரிய ஓடையை அது எப்படித் தாண்டியதோ.

விறாந்தையில் இருந்து பெயர்களை வாசித்தார். என் பெயர், மனைவி பெயர், மகள், மருமகன்.

"மகளும் மருமகனும் இங்கதானே?"

"இல்லை ஐயா. டவுனில."

"அப்ப வெட்டவோ?"

மனைவி குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வெட்டுங்கோ" என்றேன்.

அவர் கோடிழுத்தார். இரண்டு சின்னக் கோடுகள். பிறகு பக்கத்தைப் புரட்டி, "தென்சேரியில கன வீட்டில இப்பிடித்தான். எல்லாரும் போறாங்கள். ஆள் குறைஞ்சா வாற தேர்தலில உங்கட பக்கத்திலயிருந்து ஒருத்தரையும் சபைக்கு எடுக்க ஏலாமப் போகும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். நடுத்தண்ணீரில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் ஐயா, இவ்வளவு சின்ன இடம். இதுக்கு ஒரு மதகு கேட்டிருக்கலாமே நீங்கள்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"வலதுகால் வையாதையுங்கோ, அதில பள்ளம்" என்றேன். அக்கரை ஏறியதும் அவருடைய சப்பாத்துகளைக் கொடுத்தேன்.